கோதுமை ஒவ்வாதவர்களுக்குக் காளஹஸ்தியில் என்ன சாப்பாடு?

ஸ்ரீகாளஹஸ்திக்கு வருகிற யாத்ரீகர்களில் பலர் வந்த அன்றே ஊர் திரும்புகிறவர்கள். விடியற்காலையில் பஸ்ஸிலோ காரிலோ வந்து இறங்கி, ராகு-கேது பூஜையை முடித்துக்கொண்டு, வாயுலிங்கமாக விளங்கும் காளத்திநாதரையும் ஞானப்பிரசூனாம்பிகையையும் தரிசித்து வெளியே வரும்போது வயிறு கேட்க ஆரம்பித்துவிடும். அப்புறம் கண்ணில் படுகிற முதல் ஹோட்டல்தான். "சூடா என்ன இருக்கு?" என்று கேட்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

ஆனால் இன்னொரு கேள்வியையும் கேட்டுவிட்டுத்தான் மேஜையில் உட்கார முடியும் என்ற நிலையில் சிலர் இருக்கிறார்கள். "இதில் கோதுமை கலந்திருக்கிறதா?" என்பதே அந்தக் கேள்வி. இப்படிக் கேட்பவரை நாசூக்குப் பேர்வழி என்று எண்ணிவிடக் கூடாது. அவருடைய குடலுக்குக் கோதுமை சத்துரு. ஒரு கடி சப்பாத்தியானாலும் சரி, ஒரு சிட்டிகை மைதாவானாலும் சரி, அவர் உடம்பில் அது தன் வேலையைக் காட்டாமல் விடாது.

இட்லியும் தோசையும் சோறும் சாம்பாரும் உள்ள நம் பக்கத்தில் கோதுமைக்கு என்ன வேலை, இங்கே அவர்களுக்கு என்ன கஷ்டம் என்று தோன்றலாம். விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. சப்பாத்தி என்று பெயர் சொல்லிக்கொண்டு வருகிற கோதுமையை யாரும் ஒதுக்கிவிடலாம். பெயர் சொல்லாமல் வருகிற கோதுமைதான் ஆபத்து.

வியாதி எது?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்றொரு புரதம் இருக்கிறது. கோதுமை மாவைப் பிசையும்போது ரப்பர்போல் இழுபடுகிறதே, அந்தப் பசைத்தன்மையைத் தருவது இதுதான். சிலருக்குப் பிறவியிலேயே உள்ள பாரம்பரியக் கூறு காரணமாக, இந்தப் புரதம் உள்ளே போனதும் உடம்பின் பாதுகாப்புச் சக்தியே தன் சிறுகுடலைத் தாக்கத் தொடங்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சுவதற்காக இருக்கும் நுண்ணிய விரல் போன்ற உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. இதற்குச் சீலியாக் நோய் என்று பெயர்.

உண்ட சோறு உடம்பில் ஒட்டாததால் குழந்தைகள் வளர்ச்சி குன்றிப் போகின்றன. பெரியவர்களுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், எத்தனை மாத்திரை சாப்பிட்டாலும் தீராத ரத்தசோகை, எலும்புத் தேய்வு என்று பல ரூபங்களில் வருகிறது. சிலருக்கு வெளியே தெரியும் உபாதை ஒன்றும் இராது. உள்ளே குடல் மட்டும் பழுதாகிக்கொண்டிருக்கும். இந்த நோய்க்கு மருந்து இன்னும் இல்லை. ஆயுள் முழுவதும் குளூட்டனைத் தொடாமல் இருப்பதே சிகிச்சை. அப்படி இருந்துவிட்டால் பெரும்பாலோருக்குக் குடல் நாளடைவில் தேறிவிடும்.

இதைக் கண்டறிந்த கதை பஞ்சத்தோடு சேர்ந்தது. ஹாலந்து நாட்டில் வில்லெம் கரேல் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலமான 1944-45-ல் அந்த நாட்டில் ரொட்டிக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. ஊரே பட்டினியால் வாடியபோது, அவருடைய சிகிச்சையில் இருந்த இந்த வியாதிக்காரக் குழந்தைகள் மட்டும் தேறி வந்தன. மீண்டும் ரொட்டி கிடைத்ததும் அந்தக் குழந்தைகள் பழையபடி நோயில் விழுந்தன. கோதுமையின் மேல் அவருக்கு ஏற்கெனவே இருந்த சந்தேகம் இதனால் உறுதிப்பட்டது. 1950-ல் அவர் தம் ஆராய்ச்சி நூலில் இதை வெளியிட்டார்.

நம் பக்கத்தில் எத்தனை பேர்?

நம் வாசகர்கள் பலரும் வைத்தியத்துக்குப் போய்வரும் வேலூர் சி.எம்.சி., டில்லி எய்ம்ஸ் முதலிய நிலையங்களின் மருத்துவர்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு ஒன்று 2016-ல் வெளியாயிற்று. வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று வட்டாரங்களில் 23,331 பேருடைய ரத்தத்தைச் சோதித்தார்கள். இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் வடக்கே 100-க்கு 1.23 பேரிடம் இருந்தது; தெற்கே 100-க்கு 0.10, அதாவது ஆயிரத்துக்கு ஒருவரிடம் மட்டுமே இருந்தது. நோய்க்கு இடம் கொடுக்கும் பாரம்பரியக் கூறோ மூன்று வட்டாரங்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் காணப்பட்டது. கோதுமை சாப்பிடும் அளவில்தான் பெரிய வித்தியாசம் இருந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை சாப்பிட, தெற்கே அது 25 கிராமாக இருந்தது.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. அரிசி தின்று வந்ததால் நம்மில் பலர் தப்பியிருக்கிறோம். ஆனால் விதை நம்மிடமும் இருக்கிறது. சர்க்கரை வியாதி என்றதும் இரவில் சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறுகிற வழக்கம் இப்போது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. தெற்கே இந்த நோய் அரிது என்ற நிலை என்றும் இப்படியே இருக்கும் என்று சொல்வதற்கில்லை.

இரண்டாவது விஷயம் ஹோட்டல்காரர்களுக்கு உரியது. "எங்கள் ஊரில் இந்த வியாதி யாருக்கும் இல்லையே" என்று அவர்கள் சொல்லலாம். ஆனால் காளஹஸ்தியிலும் திருப்பதியிலும் இலை போட்டு உட்காருகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள் மட்டுமா? பஞ்சாபிலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் டில்லியிலிருந்தும் ஏழுமலையானைத் தேடி வருகிறவர்கள் நித்தம் எத்தனை பேர்! வடக்கே நூற்றுக்கு ஒருவர் என்றால், ஒரு நாளில் கல்லாவைக் கடந்து போகும் கூட்டத்தில் ஒருவராவது இருக்க மாட்டாரா?

ரவ்வ என்ற ஒரு சொல்

காலை டிபனிலிருந்து தொடங்குவோம். இட்லிக்கு நாம் அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து அரைக்கிறோம். ஆந்திர வீடுகளிலும் ஹோட்டல்களிலும் உளுந்தை மட்டும் அரைத்து, அதில் இட்லி ரவ்வையைக் கலப்பது வழக்கம். இந்த இட்லி ரவ்வ அரிசியிலிருந்து உடைத்தது, ஆகவே கவலையில்லை. உப்புமாவுக்கும் கேசரிக்கும் போடுவது பொம்பாய் ரவ்வ, இது கோதுமை. கோதும ரவ்வ என்று பெயரிலேயே சொல்லிக்கொண்டு வருவது மூன்றாவது. மூன்றையும் கடையில் "ரவ்வ" என்றே சொல்கிறார்கள். வெளியூர்க்காரர் ரவ்வ என்ற சொல்லைக் கேட்டுப் பயந்து நல்ல இட்லியை ஒதுக்கிவிடுவதும் உண்டு. இட்லி என்ற பெயரை நம்பி ரவா இட்லியைச் சாப்பிட்டு அவஸ்தைப்படுவதும் உண்டு.

போண்டாவில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மைசூர் போண்டா என்றால் உளுந்து மாவில் மிளகும் தேங்காய்த் துண்டும் சேர்த்துப் போடுவது. சித்தூரிலும் திருப்பதியிலும் அதே பெயரில் வருவது மைதாவும் தயிரும் கலந்து புளிக்கவைத்துப் போட்ட உருண்டை. சென்னையில் சாப்பிட்ட நினைப்பில் இங்கே வாயில் போட்டுக்கொண்டால், அந்த ஒரு போண்டாவில் இருக்கும் கோதுமை கொஞ்சநஞ்சமில்லை.

பெசரட்டு பச்சைப்பயறு, அதற்குத் தோஷம் இல்லை. ஆனால் எம்.எல்.ஏ. பெசரட்டு என்று கேட்டால் உள்ளே உப்புமாவை வைத்து மடித்துவிடுவார்கள். ரவா தோசையில் ரவையோடு மைதாவும் சேர்கிறது. சாதா தோசை முறுகலாக வரவேண்டும் என்று மாவில் ஒரு பிடி ரவையோ மைதாவோ சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். உளுந்து மாவு நீர்த்துப்போனால் வடைக்கும் இந்த வைத்தியம் நடப்பதுண்டு. எனவே பலகாரத்தின் பெயரைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. அன்றைய மாவைக் கரைத்தவருக்குத்தான் உண்மை தெரியும்.

பெருங்காயத்தின் உள்ளே

எல்லாவற்றையும்விடக் கண்ணுக்குத் தெரியாதது பெருங்காயம். ஆப்கானிஸ்தான், ஈரான் போன்ற நாடுகளில் விளையும் செடியின் வேரிலிருந்து வடியும் பால்தான் அசல் பெருங்காயம். நம் நாட்டில் இதைப் பயிரிடும் முயற்சி ஹிமாசலப் பிரதேசத்து லாஹூல் பள்ளத்தாக்கில் 2020-ல்தான் தொடங்கியது. அசல் சரக்கின் காரமும் நெடியும் தாங்க முடியாதவை. அதனால் கோந்தும் மாவும் சேர்த்துச் சாந்தப்படுத்திக் கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். சட்டம் இதை அனுமதிக்கிறது. கலப்படம் என்று சொல்ல முடியாது. சேர்க்கும் மாவு பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா. தூளானாலும் கட்டியானாலும், டப்பாவின் மேல் பொடி எழுத்தில் இது அச்சிடப்பட்டிருக்கும்.

இந்தப் பெருங்காயம் சாம்பாரில் விழுகிறது, ரசத்தில் விழுகிறது, வெண்பொங்கல், புளியோதரை, மெதுவடை, மிளகாய்ப் பொடி, ஊறுகாய் சிலவற்றிலும் இருக்கிறது. கோதுமையே இல்லாத சாப்பாடு என்று நாம் நம்பும் இலையில் நான்கைந்து இடத்தில் கோதுமை உட்கார்ந்திருக்கிறது.

அளவு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துப் பேருக்கான சாம்பாரில் ஒரு கிராம் கூட்டுப் பெருங்காயம் போட்டதாகவும், அதில் பாதி கோதுமை மாவு என்றும் வைத்துக்கொள்வோம். மாவின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். ஆக மொத்தம் 50 மில்லிகிராம். ஒருவர் பங்குக்கு 5 மில்லிகிராம். இதுவே 30 கிராம் மாவில் செய்த ஒரு சப்பாத்தியில் 3,000 மில்லிகிராம்! வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ஆனாலும் அலட்சியம் செய்ய இயலாது. நாள்தோறும் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் சாப்பிட்டவர்களின் குடலில் பழுது ஏற்பட்டதை இத்தாலிய மருத்துவர்களின் ஆய்வு ஒன்று 2007-ல் காட்டியது. நாளொன்றுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது நிபுணர்களின் பொதுவான கருத்து. சாம்பார், ரசம், வடை என்று மூன்று சேர்ந்தாலே அந்த எல்லையைத் தொட்டுவிடலாம். ஒருநாள் யாத்திரை வந்தவரைக் காட்டிலும், உத்தியோக நிமித்தம் தினமும் ஹோட்டலில் சாப்பிடுகிறவரே இதில் அதிகம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் இப்போது விற்பனைக்கு வருகிறது. வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் படித்தால் போதும்.

கல்லும் எண்ணெயும்

பண்டம் சுத்தமாக இருந்தாலும் பாத்திரம் கெடுத்துவிடலாம். சப்பாத்தி போட்ட கல்லிலேயே தோசை வார்க்கிறார்கள். ரவா தோசை எடுத்த தோசைத் திருப்பியாலேயே பெசரட்டையும் திருப்புகிறார்கள். பூரியும் மைதா போண்டாவும் பொரித்த எண்ணெயில் வடை வேகிறது. ஒரே கரண்டி பல பாத்திரங்களுக்குள் போய்வருகிறது. மாவின் துகள் ஒட்டிக்கொள்ள இது போதும். வேகவைப்பதாலோ பொரிப்பதாலோ குளூட்டன் அழிவதில்லை. கிருமியைக் கொல்வதுபோல் இதைச் சூட்டினால் கொல்ல முடியாது.

இந்தக் கணக்கில் இட்லிக்கு ஒரு பெருமை உண்டு. தனி மாவு, தனித் தட்டு, நீராவி. இட்லி மாவில் பெருங்காயமும் சேராது. இட்லி ரவ்வ அரிசிதான் என்று உறுதியானால், நம் ஹோட்டல் பலகாரங்களில் சந்தேகம் மிகக் குறைந்தது அதுவே. தொட்டுக்கொள்ளச் சாம்பாரை விட்டுவிட்டு, தாளிதம் இல்லாத தேங்காய்ச் சட்னியோ வேர்க்கடலைச் சட்னியோ கேட்கலாம்.

காலையில் கடை திறந்த சமயத்தில் போய்விடுவது இன்னும் உத்தமம். கல் அப்போதுதான் அடுப்பில் ஏறியிருக்கும். எண்ணெயும் புதிதாக இருக்கும். சரக்கு மாஸ்டருக்கும் நின்று பதில் சொல்ல நேரம் இருக்கும்.

பானங்களையும் மறந்துவிடக் கூடாது. குழந்தைகளுக்குப் பெற்றோர் விரும்பி வாங்கித் தரும் ஹார்லிக்ஸ், போர்ன்விட்டா போன்றவற்றில் மால்ட் இருக்கிறது. மால்ட் என்பது முளைகட்டிய பார்லி. ஆந்திரத்தில் ராகி மால்ட் என்று விற்பது வேறு; அது கேழ்வரகுக் கஞ்சி. பெயரில் மால்ட் இருந்தாலும் அதில் பார்லி இல்லை. பொட்டலத்தில் வரும் மாவாக இருந்தால் மட்டும் வேறு தானியம் கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிரசாதம் வந்தால்?

கோயில் ஊரில் இது பெரிய தர்மசங்கடம். திருப்பதி லட்டுவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கடலை மாவு, நெய், சர்க்கரை, முந்திரி, திராட்சை, கற்கண்டு, ஏலக்காய் ஆகியவைதாம் அதன் திட்டத்தில் உள்ள பொருள்கள். 2009-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த லட்டுவின் பட்டியலில் கோதுமைக்கு இடமில்லை. சர்க்கரைப் பொங்கலிலும் பொதுவாகக் கோதுமையோ பெருங்காயமோ சேர்வதில்லை. புளியோதரைக்கும் தாளித்த தயிர்சாதத்துக்கும் பெருங்காயம் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ரவா கேசரியைத் தொடவே கூடாது.

திருமலையில் 1985-ல் என்.டி.ராமராவ் முதல்வராக இருந்தபோது தொடங்கிய அன்னதானம் இன்று பெரும் வேள்வியாக நடந்து வருகிறது. அத்தனை பெரிய பந்தியில் ஒருவருக்காகத் தனியே சமைக்கச் சொல்ல முடியாது. சாம்பாரையும் ரசத்தையும் தவிர்த்து, வெறும் சோறும் மோரும், சர்க்கரைப் பொங்கலும் வாங்கிக்கொண்டால் இலை காலியாகப் போகாது.

ஆகாத பிரசாதம் கையில் விழுந்துவிட்டால் என்ன செய்வது? கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடலாம். பக்திக்கு அதனால் குறைவு வராது. "சுவாமி பிரசாதம், ஒன்றும் செய்யாது" என்று பெரியவர்கள் குழந்தையின் வாயில் ஊட்டிவிடாமல் இருந்தால் அதுவே பெரிய உபகாரம்.

சீமையின் சொந்தச் சாப்பாடு

கோதுமை ஆகாது என்று வருகிறவருக்கு இந்த மண் ஒரு நல்ல பதிலை வைத்திருக்கிறது. ராகி சங்கடி என்று தெலுங்கர்களும், களி என்று நாமும் சொல்லும் கேழ்வரகு உருண்டைதான் அது. கேழ்வரகு மாவும் அரிசியும் தண்ணீரும்தான் அதில் உள்ளவை. ராயலசீமையின் பாட்டாளி மக்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு வாழ்ந்தது. ஒரு காலத்தில் ஹோட்டலில் கேட்கவே கூச்சப்பட்ட இந்தப் பண்டம், இன்று சித்தூர், திருப்பதி சாலையோரக் கடைகளில் பெயர்ப் பலகையில் ஏறிவிட்டது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகு இதற்குக் கிராக்கி இன்னும் கூடியிருக்கிறது.

சங்கடிக்குத் தொட்டுக்கொள்ள வேர்க்கடலைப் பச்சடி, கீரைப் பப்பு. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நாட்டுக்கோழிப் புலுசு. குழம்பைக் கெட்டியாக்க மாவு கரைத்து ஊற்றவில்லை என்பதையும், பப்புத் தாளிதத்தில் பெருங்காயம் இல்லை என்பதையும் மட்டும் கேட்டுக்கொண்டால் வயிறார உண்ணலாம். சோளத்தில் தட்டும் ஜொன்ன ரொட்டெயும் நல்லதே. ஆனால் ரொட்டி விரிய வேண்டும் என்று கோதுமை மாவு கலக்கிறவர்கள் உண்டு. அதைக் கேட்டறிய வேண்டும்.

எப்படிக் கேட்பது?

"குளூட்டன் இல்லாத சாப்பாடு இருக்கிறதா?" என்று கேட்டால் சர்வர் விழிப்பார். அது அவர் குற்றமில்லை. "கோதுமை ஒத்துக்கொள்ளாது" என்றால் யாருக்கும் புரியும். தெலுங்கில், "நாக்கு கோதுமலு படவு, கொஞ்செம் தின்னா ஜப்பு சேஸ்துந்தி" என்று சொல்லலாம். "இந்துலோ மைதா, கோதும பிண்டி, பொம்பாய் ரவ்வ ஏமைனா கலிப்பாரா?" என்று பொருள்களின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். "இங்குவ வேசாரா?" என்று பெருங்காயத்தைத் தனியாகவே கேட்க வேண்டும். ஏனென்றால் பெருங்காயத்தில் கோதுமை இருப்பது பல சமையற்காரர்களுக்கே தெரியாது. மைதாவும் கோதுமைதான் என்பதை மறந்து, "கோதுமையே கிடையாது, வெறும் மைதாதான்" என்று பதில் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டு மொழியும் தெரிந்த நம் சித்தூர்த் தமிழர்கள் இந்த இடத்தில் வெளியூர் யாத்ரீகர்களுக்கு உதவ முடியும். பக்கத்து மேஜையில் வடநாட்டுத் தாய் ஒருத்தி குழந்தையை வைத்துக்கொண்டு சர்வரோடு ஜாடையில் போராடிக்கொண்டிருந்தால், எழுந்து போய் இரண்டு வார்த்தை மொழிபெயர்த்துச் சொல்வது பெரிய புண்ணியம்.

காளஹஸ்தி கண்ணப்பருடைய ஊர். இறைவனுக்குப் படைக்கும் முன்னால் தாமே வாயில் போட்டு, சுவை பார்த்து, நல்லதைப் பொறுக்கி வைத்தவர் அவர். ஆனால் குளூட்டனை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ருசியும் இல்லை, மணமும் இல்லை. உண்கிறவருக்கு இருக்கிற ஒரே சாட்சி சமைத்தவரின் வார்த்தை. அந்த வார்த்தை மெய்யாக இருக்க வேண்டும் என்பதே இதில் முக்கியம். "ஒன்றும் ஆகாது சார், தைரியமாகச் சாப்பிடுங்கள்" என்ற உபசாரத்தைவிட, "எங்களுக்குத் தெரியாது, இதைச் சாப்பிட வேண்டாம்" என்று சொல்லும் சர்வர் நூறு மடங்கு உயர்ந்தவர்.

சட்டமும் முதலாளிகளும்

பொட்டலப் பண்டங்களில் குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதை மேலுறையில் தெரிவிக்க வேண்டும் என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. குளூட்டன் இல்லாதது என்று போட்டு விற்க வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஹோட்டல்களைப் பொறுத்தவரை, மத்திய லைசென்ஸ் பெற்றவையும் பத்து அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ளவையும் ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய விவரத்தை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. கோயில் ஊரின் சாதாரண ஹோட்டலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஐரோப்பிய நாடுகளில் 2014 டிசம்பர் 13 முதல், பொட்டலத்தில் அடைக்காத உணவுக்கும், ஹோட்டல் சாப்பாட்டுக்கும்கூட, இந்த விவரம் சொல்லியாக வேண்டும். கோதுமைப் பண்டத்துக்கே பேர்போன இத்தாலியில் 2005-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி முதலியவற்றின் சாப்பாட்டுக் கூடங்களில் கேட்பவருக்குக் குளூட்டன் இல்லாத உணவு தர வேண்டும் என்பது அதில் ஒரு ஷரத்து. கோதுமையிலேயே ஊறிய நாட்டில் இது முடிகிறது என்றால், அரிசியும் கேழ்வரகும் விளைகிற நம் சீமையில் முடியாமல் போகுமா?

முதலாளிகளுக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. அரிசி மாவு சேர்த்த பெருங்காயத்துக்கு மாறினால் சாம்பார், ரசம், வடை மூன்றிலும் ஒரு பெரிய சந்தேகம் ஒரே நாளில் தீர்ந்துவிடும். சின்னக் கல் ஒன்று, திருப்பி ஒன்று, கரண்டி ஒன்று தனியாக ஒதுக்கி வைக்கலாம். எந்தப் பண்டத்தில் கோதுமை, மைதா, ரவை சேர்ந்திருக்கிறது என்று தெலுங்கிலும் தமிழிலும் இந்தியிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை எழுதி மாட்டலாம். செய்ய முடியாததைச் செய்வதாக மட்டும் பலகையில் எழுதக் கூடாது.

முதலில் பரிசோதனை

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, வயிறு உப்புசம் என்றதும் கோதுமையைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. கோதுமை ஒவ்வாமையில் வேறு வகைகளும் உண்டு; வயிற்று உபாதைக்கு வேறு நூறு காரணங்களும் உண்டு. சீலியாக் நோயை ரத்தப் பரிசோதனையாலும், எண்டாஸ்கோப் கருவி மூலம் சிறுகுடலின் சதைத் துணுக்கை எடுத்துப் பார்ப்பதாலும் நிச்சயிக்கிறார்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இந்தச் சோதனைகளைச் செய்ய வேண்டும். முன்பே நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். வேலூர் சி.எம்.சி.யிலும் திருப்பதி ஸ்விம்ஸிலும் குடல் நோய்ப் பிரிவுகள் இருக்கின்றன. வளராத குழந்தை, தீராத ரத்தசோகை என்று இருப்பவர்கள் அங்கே போய்க் காட்டிக்கொள்வது நலம்.

நோய் உறுதியானவர்கள் யாத்திரை வருவதை நிறுத்த வேண்டியதில்லை. வரும்போது கையோடு கொஞ்சம் பொரியும் வாழைப்பழமும் வீட்டு இட்லியும் எடுத்து வரட்டும். ஊரில் கேட்க வேண்டியதைக் கூச்சமில்லாமல் கேட்டுச் சாப்பிடட்டும். கேட்கப்படுகிறவர்கள் முகம் சுளிக்காமல், தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லட்டும். அது போதும், சுவர்ணமுகிக் கரைக்கு வருகிற எந்தக் குழந்தையும் சாப்பிட்ட சாப்பாட்டால் படுக்கையில் விழ வேண்டியிராது.